விழுவதற்கென்றே ஒரு கோட்டை

ஏறக்குறைய நூறு பேர் கிளம்பிப் போவார்கள். பெரும்பாலான வாரங்களில் நூறு பேரும் தோற்றுவிட்டு வருவார்கள். இப்படியொரு போட்டியை, பள்ளிக்கூடம் விட்டு வந்து புத்தகப் பையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து பார்த்த தலைமுறை எங்களுடையது. நிகழ்ச்சியின் பெயர் 'தகேஷிஸ் கேஸில்'. எங்கள் ஊர் வாய்க்கு 'டக்கேசி'. பாலக்கோட்டுக்கும் மாரண்டஅள்ளிக்கும் நடுவே ஏதாவதொரு டீக்கடையில் இந்தப் பெயரைச் சும்மா சொல்லிப் பாருங்கள். வீட்டுக்கடன் தவணை கட்டுகிற ஆள், பொறுப்பான குடும்பஸ்தர், டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, சகதிக் குளத்தில் எப்படி விழ வேண்டும் என்று இரண்டு கையையும் விரித்து நடித்தே காட்டுவார்.

தெரியாதவர்களுக்காக ஒரு சிறு வரலாறு. ஜப்பானில் டிபிஎஸ் தொலைக்காட்சி 1986 முதல் 1990 வரை ஒளிபரப்பிய நிகழ்ச்சி இது. யோகோஹாமாவில் மிதோரியாமா ஸ்டுடியோ வளாகத்தில் ஒரு கோட்டை. அதற்குள் தகேஷி என்றொரு பிரபு. கோட்டையைப் பிடிக்க ஜெனரல் தானி என்ற தளபதியின் தலைமையில் ஒரு படை புறப்படும். படை என்றால் தொப்பை போட்ட மாமாக்கள், மூக்குக்கண்ணாடி போட்ட அக்காக்கள், கல்லூரிப் பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்த படை. தலையில் ஹெல்மெட் உண்டு. ஆயுதம் எதுவும் கிடையாது. வழியில் குளம், சுவர், இருட்டுச் சந்து, ஆடுகிற பாலம், சரிவில் உருண்டு வரும் பொய்ப் பாறை. இத்தனையும் தாண்டி மிஞ்சுகிற சிலர் கடைசியில் குட்டி வண்டிகளில் ஏறிப் போய், தகேஷியின் வண்டியோடு தண்ணீர்த் துப்பாக்கியால் சண்டை போட வேண்டும். ஜெயித்தால் பத்து லட்சம் யென். அத்தனை வருடத்தில் கோட்டை பிடிபட்டது என்னவோ விரல்விட்டு எண்ணக்கூடிய தடவைதான்.

அந்தப் பிரபு தகேஷி கிட்டானோ. ஜனங்களைச் சேற்றில் தள்ளிவிட்டுக் கோட்டைக்குள் இளித்துக்கொண்டிருந்த அதே மனிதர், 1997-இல் 'ஹனா-பி' என்ற படத்தை இயக்கி வெனிஸ் திரைப்பட விழாவில் தங்கச் சிங்கம் வாங்கினார். பிற்பாடு சென்னையில் உலக சினிமா பார்க்கிற நண்பர் ஒருவர் தாடியைத் தடவிக்கொண்டு, "கிட்டானோவின் மௌனம் இருக்கே..." என்று ஆரம்பித்தார். "அவரா? தண்ணி அடிக்கிற துப்பாக்கி வச்சிருப்பாரே!" என்று கேட்டேன். அதோடு அவர் என்னிடம் சினிமா பேசுவதை நிறுத்திக்கொண்டார்.

தர்மபுரிக்கு இந்தக் கோட்டை வந்த வழியே தனிக்கதை. 2004-ஆம் ஆண்டு ஜனவரி 1 அன்று போகோ சேனல் தொடங்கியது. 2006-இல் தமிழக அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தை ஆரம்பித்தது. பதினான்கு அங்குலப் பெட்டி ஊர் ஊராக வந்து இறங்கியது. எங்கள் தெருவில் அதற்கு முன் மூன்று நான்கு வீட்டு ஜன்னல்களில்தான் டிவி. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்று பார்த்த பிள்ளைகள் எல்லாம் ஒரே மாதத்தில் அவரவர் வீட்டுத் தரையில் குப்புறப்படுத்துப் பார்க்கும் அந்தஸ்துக்கு உயர்ந்தோம். டிவியை அரசாங்கம் கொடுத்தது. கரண்ட்டைத்தான் கொடுக்க மறந்தது. கடைசிச் சண்டைக்கு வண்டிகள் கிளம்பும் நேரம் பார்த்து ஃபேன் மெல்லச் சுற்றி நிற்கும். அந்த வாரம் கோட்டை பிடிபட்டதா இல்லையா என்பதை நாங்களே ஓட்டெடுத்து முடிவு செய்துகொள்வோம்.

இதில் இன்னொரு வசதி, வர்ணனை முழுக்க இந்தியில் இருந்தது. வசதி என்று தெரிந்துதான் சொல்கிறேன். இந்தி வர்ணனை செய்தவர் நடிகர் ஜாவேத் ஜாஃப்ரி. 'ஷோலே'யில் சூர்மா போபாலியாக வந்த ஜக்தீப்பின் மகன். அவர் என்ன சொல்கிறார் என்று எங்களில் ஒருவனுக்கும் புரியாது. ஆனால் யாரோ ஒருவர் மூச்சுவிடாமல் கிண்டல் செய்கிறார் என்பது புரியும். கிண்டலின் சாரம் தெரியாதபோது சொந்தமாகத் தயாரிப்பதைத் தவிர வேறு வழியில்லை. எதிர்வீட்டு அண்ணன் ஒருவர் டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு ஆரம்பிப்பார்.

"இதோ வர்றாரு நம்ம டவுன் பஸ் கண்டக்டரு... ஒரு கால வச்சிட்டாரு... அடுத்த கல்லுக்குத் தாவுறாரு... டிக்கெட் டிக்கெட்டுன்னு கைய நீட்றாரு... போச்சுடா! சில்லறை குடுக்காமயே எறங்கிட்டாரு!"

பதினான்கு அங்குலத் திரையில் யார் முகமும் சரியாகத் தெரியாது. அதனால் யாரை வேண்டுமானாலும் யாராகவும் ஆக்கிக்கொள்ளலாம். உருண்டையாக ஒருவர் வந்தால் ரேஷன் கடைக்காரர். ஒல்லியாக, விறைப்பாக வந்தால் கணக்கு வாத்தியார். கணக்கு வாத்தியார் வழுக்குப் பாறையிலிருந்து தலைகீழாகச் சேற்றில் விழுந்த மாலையில் எங்கள் தெருவில் எழுந்த ஆரவாரத்தைக் கேட்டு, இந்தியா கிரிக்கெட்டில் ஜெயித்துவிட்டது என்று பக்கத்துத் தெருவில் நினைத்துக்கொண்டார்கள். ஜாவேத் ஜாஃப்ரியும் இந்தியில் கிட்டத்தட்ட இதையேதான் செய்துகொண்டிருந்தார் என்பது பிற்பாடுதான் எனக்குத் தெரிந்தது. யாரோ ஒரு ஜப்பான்காரருக்குப் பிரபலம் ஒருவரின் பெயரை வைத்து, நம்மூர்க் குரலைக் கொடுத்து, விழ வைப்பார். மொழி தெரியாமலே அவர் தொழிலை நாங்கள் கற்றுக்கொண்டிருந்தோம். எதிர்வீட்டு அண்ணன் இப்போது தக்காளி மண்டியில் ஏலம் விடுகிறார். அவர் கூவினால் கூட்டம் தானாகச் சேரும்.

வீட்டுப் பெரியவர்களும் ஓரக்கண்ணால் பார்த்தார்கள். ஒரு சுற்றில் வரிசையாகச் சுவர்கள். ஒவ்வொரு சுவரிலும் சில கதவுகள். சில கதவுகள் வெறும் காகிதம், மோதினால் கிழியும். மற்றவை கெட்டிப் பலகை, மோதினால் மூக்கு உடையும். எது எது என்று தெரியாமல் ஓடிவந்து மோத வேண்டும். காகிதம் என்று நம்பி வந்தவர் பலகையில் ஒட்டிக்கொண்டு வழுக்கி இறங்குவதைப் பார்த்து நாங்கள் உருண்டு புரண்டு சிரித்தோம். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. "இதுல சிரிக்க என்ன இருக்கு? ஒரு சர்டிபிகேட் வாங்க நான் ஒரு மாசமா இதைத்தான் பண்றேன்" என்றார். எந்தக் கதவு பலகை, எந்தக் கதவு காகிதம் என்று அவரும் மோதி மோதித்தான் கண்டுபிடித்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஹெல்மெட்கூடக் கிடையாது.

ஆயாவின் பார்வை வேறு. முதல் தடவை பார்த்தபோது, "ஏண்டா, இவங்களுக்கெல்லாம் ஊட்ல ஆளு கெடையாதா? பெரியவங்க யாராச்சும் கூப்ட்டு நாலு வார்த்த கேக்க மாட்டாங்களா?" என்று கேட்டாள். பிறகு ஒன்றைக் கவனித்தாள். சேற்றிலிருந்து எழுந்து வருகிற ஒவ்வொருவரும் கேமராவைப் பார்த்துப் பல் தெரியச் சிரித்தார்கள். "பல்லப் பாரு, பாலாட்டம்!" என்றாள். எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்கு அது லேசில் கண்ணில் படாமல் போகாது. இங்கே போர் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம். சிரித்தால் காவிக்கறை தெரியும் என்பதால் குரூப் போட்டோவில் உதட்டை இறுக்கிக்கொண்டு நிற்கிற வம்சம் நாங்கள்.

2008-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் ஃப்ளோரைடு பாதிப்புத் தணிப்புத் திட்டத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்துக்கும் காவிரித் தண்ணீர். திட்ட மதிப்பு 1,928 கோடி ரூபாயை எட்டியது. ஜப்பான் கடன் கொடுத்தது. செய்தியில் ஜப்பான் என்று கேட்டதும் ஆயா டிவியைக் காட்டி, "இவங்களா குடுக்கறாங்க?" என்றாள். ஆமாம் என்றோம். கொஞ்ச நேரம் யோசித்தாள். "கெடக்குது, குடுக்கட்டும். தண்ணியில விழுந்து விழுந்து எந்திரிக்கறவங்களுக்குத்தான் தண்ணியோட அரும தெரியும்." 2013-இல் திட்டம் பயன்பாட்டுக்கு வந்தது. ஆயாவைப் பொறுத்தவரை அது ஜெனரல் தானி அனுப்பிய தண்ணீர்.

பார்த்ததோடு விட்டோமா? கோட்டை கட்டினோம். தோட்டத்தில் மோட்டார் கொட்டகைதான் கோட்டை. தகேஷி பிரபு வேடத்துக்கு ஆளே தேட வேண்டியிருக்கவில்லை. மோட்டார் ஸ்விட்சில் யாரும் கைவைத்துவிடக் கூடாது என்று ஆயா எந்நேரமும் கயிற்றுக் கட்டிலைப் போட்டு, கையில் வேப்பங்குச்சியோடு அங்கே காவல் இருந்தாள். தான் ஒரு பிரபு என்பது அவளுக்குத் தெரியாது. அதனால் நடிப்பு தத்ரூபமாக இருந்தது.

கொட்டகைக்கு முன்னால் வாய்க்கால். அதைக் கல்கல்லாகத் தாண்டிப் போக வேண்டும். ஜப்பான் குளத்தில் சில கற்கள் தரையோடு பதித்தவை, சில மிதப்பவை. மிதக்கும் கல்லில் கால் வைத்தவர் நேரே தண்ணீருக்குள். எங்களுக்கு மிதக்கிற கல்லுக்கு எங்கே போவது? டிவி வந்த அட்டைப்பெட்டியில் இருந்த தெர்மாகோலைச் சாம்பல் நிறச் சேறு பூசிக் காயவைத்து, நிஜக் கற்களுக்கு நடுவே மிதக்கவிட்டோம். அரசாங்கம் கொடுத்ததில் ஒரு துண்டைக்கூட வீணாக்கவில்லை. ஹெல்மெட்டுக்குக் குளியலறை பக்கெட். குண்டுக்குத் தக்காளி.

தக்காளி விஷயத்தில் ஒரு நுட்பம் இருக்கிறது. பாலக்கோடு மார்க்கெட்டில் விலை படுத்துவிட்டால், பறிகூலிக்கும் வண்டி வாடகைக்கும்கூடக் கட்டாது. பழத்தைச் செடியிலேயே விட்டுவிடுவார்கள்; சிலர் மனசு வெறுத்துப் போய் ரோட்டோரம் கொட்டிவிட்டு வருவார்கள். அந்த வாரங்களில் எங்கள் படைக்குக் குண்டுப் பஞ்சமே கிடையாது. சட்டையெல்லாம் சிவப்பாக வந்தாலும் அப்பா ஒன்றும் சொல்ல மாட்டார். அவர் முகத்தைப் பார்த்தால் அவருமே நாலு வீசினால் தேவலை என்று நினைப்பது போல இருக்கும். விலை ஏறியிருக்கும் வாரத்திலோ ஒரு பழத்தில் கைவைத்தால் முதுகு பழுத்துவிடும். எங்கள் போரின் உக்கிரத்தை வைத்தே மார்க்கெட் நிலவரத்தைச் சொல்லிவிடலாம். எங்கள் கோட்டையும் கடைசிவரை பிடிபடவில்லை. வாய்க்காலைத் தாண்டியவர்கள் உண்டு. வேப்பங்குச்சியைத் தாண்டியவர் எவரும் இல்லை.

கோட்டை பிடிக்கிற ஆசை ஜப்பானோடு நிற்கவில்லை. அதே காலத்தில் இங்கிலாந்தில் ஐடிவியில் 'நைட்மேர்' என்றொரு சிறுவர் நிகழ்ச்சி 1987 முதல் 1994 வரை ஓடியிருக்கிறது. அதில் ஒரு பையனுக்குக் கண்ணை மறைக்கும் தலைக்கவசத்தைப் போட்டு, பாதாளக் கோட்டைக்குள் அனுப்புவார்கள். உண்மையில் அவன் நீலத் திரை கட்டிய வெற்று அறையில்தான் நடப்பான். கோட்டை, பூதம், பள்ளம் எல்லாம் கம்ப்யூட்டர் கைங்கரியம். வெளியே மூன்று நண்பர்கள் உட்கார்ந்து திரையைப் பார்த்து, "இடப்பக்கம் ஒரு அடி வை, நில், திரும்பு" என்று வழி சொல்ல வேண்டும். அங்கேயும் ஜெயித்தவை மொத்தமே எட்டு அணிகள். அமெரிக்காவில் நிக்கலோடியன் சேனலில் 1993 முதல் 1995 வரை 'லெஜண்ட்ஸ் ஆஃப் த ஹிடன் டெம்பிள்'. பேசும் கற்தலை ஒன்று கதை சொல்ல, பிள்ளைகள் மூன்று நிமிடத்துக்குள் பாழடைந்த கோயிலில் புகுந்து பொருளை எடுத்து வர வேண்டும். அதில் வெள்ளிக் குரங்கு பொம்மை ஒன்று; மூன்றே மூன்று துண்டு. அதைச் சேர்த்து வைக்கத் தெரியாமல் பிள்ளைகள் தடுமாறியதை அந்த ஊரில் இன்னமும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்களாம்.

வெள்ளைக்காரர்கள் நீலத் திரை, கம்ப்யூட்டர் என்று செலவு செய்ததை, நாம் ஒரு துண்டை வைத்தே முடித்துவிட்டோம். பொங்கலுக்குப் பானை உடைக்கிற இடத்துக்கு வந்து பாருங்கள். ஒருவன் கண்ணைத் துண்டால் இறுக்கிக் கட்டி, மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு, கையில் கம்பைக் கொடுப்பார்கள். 'நைட்மேர்' பையனுக்கு வழி சொல்ல மூன்று பேர். நம்மவனுக்கு ஊரே வழி சொல்லும். ஒரே ஒரு வித்தியாசம், அந்த மூன்று பேரும் அவன் ஜெயிக்க வேண்டும் என்று நினைத்தார்கள். இங்கே, "சோத்துக்கைப் பக்கம் போடா... இன்னும் போ... இன்னும்..." என்று சொந்த மச்சானே கொண்டுபோய் மைக்செட் பெட்டியில் மோதவிடுவான்.

சாகசம் பார்க்க எங்கள் பக்கத்தில் வேறு வழிகளும் உண்டு. பாரதக் கூத்து நடக்கிற ஊரில் அர்ச்சுனன் தபசு மரம் நிற்கும். பாசுபதம் வாங்க வேண்டி வேடதாரி அந்த உயரத்துக்குப் பாடிக்கொண்டே படிப்படியாக ஏறுவார். கீழே பெண்கள் ஈரப் புடவையோடு மடியேந்தி நிற்பார்கள். அவர் மேலே போய்ச் சேர்வார் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. வியாசர் காலத்திலேயே தீர்ந்துபோன விஷயம். தகடூரை ஆண்ட அதியமான் எட்டாத மலைப் பிளவில் ஏறி நெல்லிக்கனி பறித்த கதையும் அப்படித்தான். அவர் பாதி மலையில் கால் இடறி உருண்டு வந்தார் என்று எந்தப் புலவரும் பாடவில்லை. அப்படிப் பாடினால் பரிசில் கிடைக்காது.

வழுக்குமரம் அந்த ரகம் இல்லை. எண்ணெயும் கடலை மாவும் பூசின மரம். உச்சியில் பண முடிப்பு. ஏறுகிறவன் மேல் பீய்ச்சியடிக்கத் தண்ணீரோடு ஒரு கூட்டம். அவன் ஏறுவானா என்பது வியாசருக்கும் தெரியாது. அர்ச்சுனன் ஏறும்போது கும்பிட்டுக்கொண்டு பார்க்கிறோம். இவன் ஏறும்போது விசிலடித்துக்கொண்டு பார்க்கிறோம். சறுக்கி வந்து பொத்தென்று விழுந்ததும் அவனே முதலில் சிரித்து, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு மறுபடி வரிசையில் நிற்கிறான். டக்கேசி எங்களுக்கு அந்நியமாகவே தெரியாததற்குக் காரணம் இதுதான். வழுக்குமரத்தைப் படுக்கவைத்துச் சுற்றிக் கோட்டை கட்டியிருந்தார்கள், அவ்வளவுதான்.

பள்ளிக்கூடத்தில் தோற்றால் ரேங்க் கார்டில் சிவப்பு மை. அதில் அப்பா கையெழுத்து. கையெழுத்துக்கு முன்னால் அவருடைய பெருமூச்சு. எதிர்வீட்டுப் பையன் எத்தனை மார்க் என்ற விசாரணை. டக்கேசியில் அந்தப் பேச்சே இல்லை. பெரிய கம்பெனி மேனேஜர் மாதிரி இருப்பவரும் விழுந்தார், பலசாலியும் விழுந்தார். விழுந்தவர் எழுந்து, வாயில் போன தண்ணீரைக் கொப்பளித்துவிட்டு, கேமராவைப் பார்த்துக் கும்பிடு போட்டுவிட்டுப் போனார். பெரியவர்கள் இத்தனை பேர் ஒருசேரத் தோற்பதையும், அதற்காக யாரும் அவர்களைத் திட்டாமல் இருப்பதையும் நாங்கள் வாழ்க்கையில் முதன்முதலாகப் பார்த்தது அங்கேதான். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு அதைவிடப் பெரிய மாயாஜாலம் கிடையாது. பூதம், தேவதை, பறக்கும் கம்பளம் எல்லாம் அதற்கு அப்புறம்.

2023-இல் நிகழ்ச்சியைப் புதுப்பித்துப் பிரைம் வீடியோவில் விட்டார்கள். இந்திக்கு யூடியூப் நடிகர் புவன் பாம் வர்ணனை. ஆனால் இந்தக் காலப் பிள்ளைகள் அதை அப்படி உட்கார்ந்து பார்ப்பதில்லை. என் மகள் போனில் பார்ப்பது விழுகிற இடங்களை மட்டும் வெட்டி ஒட்டியது. ஒருவர் விழுகிறார், அடுத்தவர் விழுகிறார், அதற்கடுத்தவர் விழுகிறார். ஓடிவருவதும் கிடையாது, தயங்கி நிற்பதும் கிடையாது. கறிவேப்பிலையை மட்டும் பொறுக்கித் தட்டில் வைத்தது மாதிரி இருந்தது. அவள் ஒரு இடத்தில்கூடச் சிரிக்காமல் கட்டைவிரலால் தள்ளிக்கொண்டே போனாள்.

பழைய நிகழ்ச்சி ஒன்றை முழுசாகப் போட்டு, பக்கத்தில் உட்காரவைத்தேன். கல் தாண்டுகிற சுற்று. முதல் ஆள் விழுந்தார். இரண்டாவது ஆள் விழுந்தார். மூன்றாவதாகப் பச்சைச் சட்டை போட்ட ஒருவர் வந்து, கரையில் நின்று, கல்லைக் கல்லாக உற்றுப் பார்த்தார். இவள் போனை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "அப்பா, இவரு தாண்டிடுவாரு பாரேன்." எனக்கு அவரை நன்றாகத் தெரியும். எங்கள் தெரு டவுன் பஸ் கண்டக்டர். எந்தக் கல்லில் இறங்குவார் என்றும் தெரியும். இருந்தாலும், "ஆமாண்டி, இந்தத் தடவை தாண்டிடுவாரு" என்றேன். ஒரு கல், இரண்டு கல், மூன்று கல் வரை அவள் மூச்சே விடவில்லை. நாலாவது கல் மிதந்தது. அவள் சிரித்த சிரிப்பில் சமையலறையிலிருந்து என் மனைவி எட்டிப் பார்த்தாள்.

நம்பிக்கை வைத்தவர்களுக்குத்தான் அந்தச் சிரிப்பு. தாண்டிவிடுவார் என்று ஒரு விநாடியாவது நம்பாதவனுக்கு, யாரோ ஒரு ஆள் தண்ணீரில் விழுகிறார், அவ்வளவுதான். அந்தக் கோட்டையைக் கட்டியவர்களுக்கு இது தெரிந்திருந்தது. வழுக்குமரத்துக்கு எண்ணெய் பூசுகிறவர்களுக்கும் தெரியும். வாரா வாரம் மார்க்கெட்டுக்குப் பெட்டி ஏற்றுகிற அப்பாவுக்கும் தெரியும். நாற்று விடும்போதெல்லாம் இந்தத் தடவை விலை நிற்கும் என்றுதானே ஆரம்பிக்கிறார்.

மகள் அன்றைக்கே குளியலறை பக்கெட்டைத் தலையில் கவிழ்த்துப் பார்த்துவிட்டாள். மறுநாள் காலை தாத்தாவுக்குப் போன் போட்டு, தோட்டத்தில் வாய்க்கால் இருக்கிறதா, தெர்மாகோல் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாக விசாரித்தாள். கடைசியில், தக்காளி கிலோ என்ன விலை என்று கேட்டாள். அறுபது ரூபாய் என்றார். எனக்குப் பாதி நிம்மதி, அவருக்கு முழு நிம்மதி. மகள் மட்டும் வருத்தத்தோடு, "எப்போ தாத்தா குறையும்?" என்றாள். போனை வாங்கி வைப்பதற்குள் அந்தப் பக்கம் வேப்பங்குச்சி தேடுகிற சத்தம் கேட்டது.